பாதி வாடகை

முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் சேர்த்து, ஒரு சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் போய் நிம்மதியாகத் தூங்க உங்களால் முடியுமா?

'அதெப்படி முடியும்?' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஹாஸ்டலில் படித்தவர்கள், மேன்ஷனில் தங்கியவர்கள், வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து நாலு பேராகச் சேர்ந்து ஃப்ளாட் எடுத்தவர்கள்... எல்லோருமே அதைச் செய்தவர்கள்தான். கல்யாணம் என்றால் ஜாதகம் பார்க்கிறோம், ஏழு தலைமுறை விசாரிக்கிறோம். ரூம்மேட்டுக்கு மட்டும் இரண்டே கேள்வி. 'வாடகையை ஒழுங்காக் குடுப்பியா? குறட்டை விடுவியா?' இரண்டுக்கும் சரியான பதில் வந்துவிட்டால், அன்று ராத்திரியே இரண்டடி தள்ளி அந்த மனிதர் படுத்திருப்பார்.

ஹாலிவுட்காரர்கள் இந்த இரண்டடியை வைத்தே வரிசையாகப் படம் எடுத்திருக்கிறார்கள். பேய் வேண்டாம், வேற்றுக்கிரகவாசி வேண்டாம். ஒரு வீடு, இரண்டு பேர், ஒரே பாத்ரூம். போதும். பயமுறுத்திவிடலாம்.

அந்த வரிசையில் மூத்த அக்கா என்று சொல்லத்தக்க படம், 1992-ல் வந்த 'சிங்கிள் ஒயிட் ஃபீமேல்'. ஜான் லட்ஸ் 1990-ல் எழுதிய நாவலைப் படமாக்கியவர் பார்பெட் ஷ்ரோடர். பலர் கேபிள் டி.வி-யில் பாதியிலிருந்து பார்த்திருப்பீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். பாதியிலிருந்து பார்த்தால் அது வெறும் கொலைப் படம். ஆரம்பத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் சங்கடமான படம். அந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

நியூயார்க்கில் ஆலி என்றொரு பெண். கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்தவன் தன் முன்னாள் மனைவியோடு இன்னும் உறவு வைத்திருப்பது தெரிந்து, அவனை வெளியே அனுப்பிவிடுகிறாள். பெரிய வீடு, தனி ஆள். ரூம்மேட் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறாள். படத்தின் தலைப்பே அந்த வகை விளம்பர மொழிதான். மணமாகாத, வெள்ளைக்கார, பெண். 'எஸ்.டபிள்யூ.எஃப்.' என்று மூன்றே எழுத்தில் சுருக்கிப் போடுவார்கள்.

இந்த மூன்று எழுத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஓர் எழுத்து இருக்கிறது. நிறத்துக்கு ஓர் எழுத்து, பெண் என்பதற்கு ஓர் எழுத்து. நல்லவள் என்பதற்கு எழுத்து கிடையாது. நம் ஊர் 'டு லெட்' போர்டு மட்டும் என்ன வாழ்கிறது? 'சைவம் மட்டும்', 'பேச்சிலர்களுக்கு இல்லை' என்று எழுதித் தொங்கவிடுகிறோம். ஆபத்தானவன் கத்தரிக்காய் சாப்பிட மாட்டான் என்று யார் சொன்னது?

சரி, கதைக்கு வருவோம். யார் யாரோ வந்து போகிறார்கள். யாரும் சரிப்படவில்லை. கடைசியில் ஹெடி வருகிறாள். கூச்ச சுபாவம், தொளதொள உடை, மெதுவான குரல். அன்பாக இருக்கிறாள், ஆறுதல் சொல்கிறாள். நாய்க்குட்டி வாங்கிக்கொண்டு வருகிறாள். ஆலிக்கு அப்போது என்ன தேவையோ அதையெல்லாம் தருகிறாள்.

பிறகு ஆலியின் உடை மாதிரியே உடை. ஆலியின் செருப்பு மாதிரியே செருப்பு. ஒருநாள் பியூட்டி பார்லரில் ஆலி நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே தன்னைப் போலவே சிவப்பாகச் சாயம் ஏற்றி, அதே அளவுக்குக் கத்தரித்த தலைமுடியோடு ஹெடி நிற்கிறாள், சிரித்துக்கொண்டே.

படத்தில் ரத்தம் கொட்டுகிற காட்சிகள் பின்னால் வருகின்றன. குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்றே ஆயுதமாகிறது. ஆனால் அமெரிக்கர்கள் மறக்காமல் வைத்துக்கொண்டது அந்தத் தலைமுடியைத்தான். யாராவது தோழியைப் பார்த்து அச்சு அசலாகக் காப்பியடித்தால், இந்தப் படத்தின் பெயரையே வினைச்சொல்லாக்கி 'அவளை சிங்கிள் ஒயிட் ஃபீமேல் பண்றா' என்று பேசும் அளவுக்கு அது அவர்கள் மொழிக்குள் போய்விட்டது.

ஏன் அந்தக் காட்சி அவ்வளவு பயமுறுத்துகிறது? யோசித்துப் பாருங்கள். ஹெடி எதையும் திருடவில்லை. ஆலியின் தலைமுடி ஆலியின் தலையில்தான் இருக்கிறது. ஒரு மயிர்கூடக் குறையவில்லை. ஆனாலும் எதையோ பறிகொடுத்த மாதிரி அவள் நிற்கிறாள்.

இங்கேதான் கேள்வி. இன்னொருவரைப் போல ஆக ஆசைப்படுவது தப்பா?

தப்பு என்று சொன்னால் நாம் யாருமே தப்பிக்க முடியாது. நடை, பேச்சு, கையெழுத்து, சிரிக்கிற விதம்... இவற்றில் நமக்குச் சொந்தம் என்று எது இருக்கிறது? பத்து வயதில் ஒரு வாத்தியாரைப் பார்த்துக் கையெழுத்தை மாற்றியிருப்போம். பதினைந்தில் ஒரு நடிகர். இருபதில், நம்மைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுகிற நண்பன். அப்பாவைப் போலவே மகன் இருமினால்கூட 'அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்' என்று பெருமைப்படுகிற ஊர் நம்முடையது. காப்பியடிக்காமல் ஒரு குழந்தை பேசவே கற்றுக்கொள்ள முடியாது.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பாடம் நடத்திய ரெனே ஜிரார் என்ற சிந்தனையாளர் இதை ஆழமாக யோசித்தவர். 1961-ல் வந்த அவருடைய முதல் புத்தகமே நாவல்களை வைத்து இதைத்தான் பேசுகிறது. ஒரு பொருள் நமக்கு நேரடியாகப் பிடிப்பதில்லை. இன்னொருவர் அதை விரும்புவதைப் பார்த்த பிறகுதான் நமக்கும் வேண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி. பக்கத்துவீட்டுக்காரர் வாங்கிய பிறகே அந்த டி.வி. நம் கண்ணில் அழகாகத் தெரிகிறது, அல்லவா? நாம் பார்த்து ஆசைப்படுகிற ஆள் எட்ட முடியாத தூரத்தில் இருந்தால் பிரச்னை இல்லை என்கிறார் ஜிரார். டான் குவிக்ஸாட், தான் படித்த கதைகளின் வீரனைப் போலவே இருக்க நினைக்கிறான். கதாநாயகன் வந்து 'ஏன்டா என்னைக் காப்பியடிக்கிறே?' என்று சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. அதே ஆள் பக்கத்தில் வரவர, குரு போட்டியாளனாக மாறுகிறான். இரண்டு பேரும் கை நீட்டுவது ஒரே பொருளை நோக்கி.

அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஊர், தெரு, வீடு, அறை. இரண்டடி தள்ளி இன்னொரு கட்டில்.

பெட்ரீஷியா ஹைஸ்மித் 1955-ல் எழுதிய நாவலில் டாம் ரிப்ளி என்றொருவன் வருகிறான். 1999-ல் மேட் டாமனும் ஜூட் லாவும் நடித்துப் படமாக வந்தது. இத்தாலியில் அப்பா காசில் உல்லாசமாக இருக்கும் டிக்கி என்ற பணக்காரப் பையனைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறவன், அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறான். ஒருநாள் டிக்கி இல்லாத நேரத்தில் அவன் உடைகளைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நிற்கிறான். டிக்கி வந்துவிடுகிறான்.

கொலை அப்புறம்தான் நடக்கிறது. ஆனால் என்னால் கொலையைக்கூடப் பார்த்துவிட முடிந்தது. அந்தக் கண்ணாடிக் காட்சியைப் பார்க்க முடியவில்லை. அகப்பட்டுக்கொண்டவனின் வெட்கம் என் முகத்திலும் ஏறிவிட்டது. உங்களுக்கும் ஏறியிருந்தால் நீங்களும் ஏதோ ஒரு வீட்டில், யாரும் இல்லாத நேரத்தில், அடுத்தவர் சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த மாதிரிப் படங்கள் எல்லாமே உள்ளே வருகிறவரைப் பார்த்துத்தான் பயப்படச் சொல்கின்றன. கதவைத் திறந்துவிட்டவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆலி விளம்பரம் கொடுத்தது எதற்கு? மனசு உடைந்திருந்தது. தனிமை. பெரிய வீட்டில் இன்னொரு ஆள் சத்தம் கேட்டால் தேவலை. ஹெடி வந்தாள், அந்த ஓட்டையை அடைத்தாள். பிறகு காதலன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். ஹெடிக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

சட்டப்படி ஆலி மேல் ஒரு குற்றமும் இல்லை. பாதி வாடகை கொடுத்தவளுக்குப் பாதி மனசும் சொந்தம் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. ஆனால் மழைக்கு விரித்த குடையை வெயில் வந்ததும் மூலையில் சாத்துகிற மாதிரி ஒரு மனுஷியைச் சாத்திவிடலாமா? அவளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? படம் இந்தக் கேள்வியின் வாசல் வரைக்கும் போகிறது. அங்கே நின்று யோசிக்க வேண்டியதுதான் பாக்கி.

படம் யோசிக்கவில்லை. ஹெடியைக் கொலைகாரியாக்கிவிடுகிறது.

எவ்வளவு சௌகரியம் பாருங்கள். அவள் ரத்தக்கறை படிந்த கையோடு வந்த பிறகு, ஆலி அவளுக்கு என்ன கடன்பட்டிருந்தாள் என்று யார் கேட்கப் போகிறார்கள்? சின்ன வயதில் தண்ணீரில் மூழ்கி இறந்துபோன ஓர் இரட்டைச் சகோதரி அவளுக்கு இருந்தாள் என்பதையும் படம் சொல்கிறது. ஆனால் அதை அவள் துக்கமாகச் சொல்லவில்லை. அவள் வியாதிக்கு எழுதிய சீட்டு மாதிரி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

2011-ல் இதே கதையைக் கல்லூரி ஹாஸ்டலுக்கு மாற்றி 'தி ரூம்மேட்' என்று எடுத்தார்கள். அதில் இன்னும் மோசம். பயங்கரம் பண்ணுகிற பெண், மனநோய்க்குக் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிடாமல் விட்டவள். அவ்வளவுதான் விளக்கம். மனநலம் குன்றியவர்கள் மற்றவர்களைத் தாக்குவதைவிட, மற்றவர்களிடம் அடி வாங்குவதே அதிகம் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். சினிமா கேட்பதாக இல்லை. தனியாக இருப்பவர், அதிகம் ஒட்டுகிறவர், மாத்திரை சாப்பிடுகிறவர்... இவர்கள் எல்லோர் மேலும் ஒரு சந்தேகப் பார்வையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது.

இதற்கு நேர்எதிராக ஒரு படம் உண்டு. டேனி பாயில் 1994-ல் எடுத்த முதல் சினிமா, 'ஷாலோ கிரேவ்'. எடின்பரோ நகரில் ஒரு பெரிய ஃப்ளாட்டில் மூன்று நண்பர்கள். ஒருத்தி டாக்டர், ஒருவன் கணக்கர், ஒருவன் பத்திரிகைக்காரன். நாலாவது ஆளுக்கு இன்டர்வியூ நடத்துகிறார்கள். வருகிறவர்களை உட்காரவைத்துக் கண்டபடி கேள்வி கேட்டுக் கேலிபண்ணி அனுப்புகிறார்கள். தியேட்டரில் சிரிக்கிறோம். கடைசியில் ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில நாளில் அவன் அறையில் செத்துக் கிடக்கிறான், பக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் பணம்.

புதிதாக வந்தவனால் இந்த மூவருக்கும் ஆபத்து இல்லை. செத்துப்போனவன் என்ன செய்துவிட முடியும்? மூவரும் பிணத்தை மறைக்கிறார்கள், பணத்தை வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறுகிறது. கணக்கர் பெட்டியோடு பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கூரையில் துளை போட்டுக் கீழே வேவு பார்க்கிறான். ஆபத்தான ரூம்மேட் யார் என்று இன்டர்வியூ நடத்தியவர்கள்தான் ஆபத்தான ரூம்மேட்கள்! அந்தக் கேலிச் சிரிப்பிலேயே எல்லாம் இருந்தது. நாமும் கூடச் சேர்ந்து சிரித்ததால் கவனிக்கவில்லை.

இன்னொரு படம். த்ரில்லர் பட்டியலில் இதை யாரும் சேர்க்க மாட்டார்கள், நான் சேர்ப்பேன். இங்மர் பெர்க்மன் 1966-ல் எடுத்த 'பெர்சோனா'. பேச்சை நிறுத்திவிட்ட ஒரு நடிகை, அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். கடற்கரையோரம் ஒரு வீட்டில் இருவர் மட்டும். அவள் வாயே திறப்பதில்லை, இவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். யாரிடமும் சொல்லாத ரகசியத்தையெல்லாம் கொட்டுகிறாள். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்ற பூரிப்பு அவளுக்கு.

ஒருநாள் நடிகை எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிறாள். உறை ஒட்டவில்லை. படித்துவிடுகிறாள். உள்ளே தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. தன்னைக் கவனித்துப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கிறது என்கிற தொனியில். அத்தோடு போயிற்று. வீட்டுக்கு வந்து, உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றை நடிகை வெறும் காலோடு நடக்கும் இடத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். குத்துகிறது.

கண்ணாடிச் சில்லை வைத்தது குற்றம். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடிதம்? ஒருவர் தன்னையே எடுத்து நம் கையில் கொடுக்கும்போது, அதை வேடிக்கைப் பொருளாக்கி மூன்றாவது ஆளுக்கு எழுதி அனுப்புவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? காலில் குத்தியது ரத்தமாகத் தெரிகிறது. மற்றது தெரியவில்லை. அவ்வளவுதானே வித்தியாசம்?

சார்த்தரின் நாடகம் ஒன்று 1944-ல் பாரிஸில் மேடையேறியது. நரகத்தில் ஒரு அறை, மூன்று பேர். எண்ணெய்க் கொப்பரை இல்லை, சாட்டை இல்லை. முகம் பார்க்கக் கண்ணாடியும் இல்லை. ஒருத்திக்கு லிப்ஸ்டிக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொருத்தியின் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவள் பொய் சொன்னாலும் போச்சு. ஒரு கட்டத்தில் மூடியிருந்த கதவு தானாகவே திறந்துகொள்கிறது. ஒருவரும் வெளியே போவதில்லை. இது எனக்குப் பல வருஷம் புரியவே இல்லை. 'கதவுதான் திறந்திருக்கே, போய்த் தொலைய வேண்டியதுதானே!' என்று தோன்றும்.

இவ்வளவு நேரம் சினிமாவைப் பற்றியே பேசிவிட்டு நழுவப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத ஆரம்பித்த புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். மூன்றாவது மாடி. இரண்டு கட்டில், ஒரு ஃபேன், சுவரில் யாரோ முன்பு தங்கியவர் ஒட்டிவிட்டுப் போன முருகன். முதல் வருஷம் கூட இருந்தவர் வெளிநாடு போய்விட, பாதி வாடகைக்கு ஆள் தேடினேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலை. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். வந்த முதல் நாளே 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் லீவு போட்டுக் கஞ்சி வாங்கிவந்து கொடுத்தான். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவன் அவன்தான். பிறகு என்னுடைய மாதிரியே சட்டை வாங்கினான். அதே பச்சைக் கட்டம். நான் சிகரெட்டை விட்டபோது அவன் டீயை விட்டான். ஒருநாள் மேஜைமேல் ஒரு காகிதம் கிடந்தது. என் கையெழுத்து. நான் எப்போது இதை எழுதினேன் என்று எடுத்துப் பார்த்தால், அது அவன் அம்மாவுக்கு அவன் எழுதிய கடிதம். என்னுடைய 'ழ' மாதிரியே, கீழே நீளமாக ஒரு வாலை இழுத்துவிட்டு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. உண்மையாகவே சொல்கிறேன், அன்று ராத்திரி கழுத்தில் கை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். நான் பார்த்திருந்த படங்கள் அப்படி.

நண்பன் ஒருவன் நங்கநல்லூரில் இடம் இருக்கிறது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த மாத வாடகையில் என் பங்கை அவன் தலையணைக்கடியில் வைத்தேன். ஒரு வரி எழுதிவைக்கவில்லை. என்ன எழுதுவது? 'நீ என்னை மாதிரியே ழ போடுகிறாய், அதனால் போகிறேன்' என்றா?

ஏழெட்டு மாதம் கழித்து, ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து 'அண்ணே' என்று குரல். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. 'அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் நில்லுங்க, போயிறாதீங்க' என்று சொல்லிவிட்டு மேன்ஷனைப் பார்க்க ஓடினான். எனக்கு வேண்டிய பஸ் வந்தது. ஏறவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவன் கையில் ஒரு காகிதக் கட்டு. எனக்கு வந்த கடிதங்கள். பத்திரிகை ஆபீஸ்களுக்கு நான் புது முகவரி கொடுத்திருக்கவில்லை. எல்லாம் பழைய இடத்துக்கே வந்துகொண்டிருந்திருக்கின்றன. தேதிவாரியாக அடுக்கி, பூக்கட்டுகிற நாரால் கட்டி வைத்திருந்தான். ஒரு கதையை ஏற்றுக்கொண்டதாக ஒரு பத்திரிகை எழுதிய கார்டுகூட அதில் இருந்தது. படத்தில் ஹெடி, காதலன் எழுதிய கடிதத்தை ஆலி கண்ணில் படாமல் ஒளித்து வைப்பாள். இவன் இருபத்துமூன்று கடிதங்களைக் காப்பாற்றி வைத்திருந்தான். ஓர் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"மணியார்டர் ஒண்ணு வந்துச்சுண்ணே. நீங்க இல்லைன்னு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கலாம்தான்..." என்று சொல்லி, ஏதோ தப்புப் பண்ணியவன் மாதிரி சிரித்தான்.

என் கையெழுத்து அவனுக்குத்தான் அச்சு அசலாக வருமே.

"இப்ப எங்கண்ணே இருக்கீங்க?"

"நங்கநல்லூர்ப் பக்கம்" என்றேன். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. அடுத்த பஸ் வந்தது.